மயில்மீன் முள்ளும் அசனத்து ஆட்டுக்காலும்

ஐந்தாம் வகுப்பில் எனக்கு ஒரே ஒரு கவலைதான்: ஆலந்தலைக் கடற்கரையில் டைமெட்ரோடான் எலும்பு கிடைக்க வேண்டும். டைனோசர்களுக்கும் முன்பே வாழ்ந்து மடிந்த மிருகம் அது. முதுகில் படகுப் பாய் விரித்ததுபோல் நீள நீள முட்களோடு அதன் எலும்புக்கூடு நிற்கும் படத்தைத் தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்குவேன். விடுமுறை நாளெல்லாம் மணலைக் கிளறியும் சிப்பியும் அறுந்த வலையும்தான் கிடைத்தன. ஒருநாள் அழுதுகொண்டே வந்து படுத்துவிட்டேன். கடலுக்குப் போய்த் திரும்பியிருந்த மாமா, அம்மாவின் தம்பி, படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். இந்தப் பாயை எப்படி இறக்கும், கயிறே இல்லையே என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது.

கோயில் திருவிழாவில் ஊருக்கே ஆட்டுக்கறிச் சாப்பாடு போடும் அசனம் முடிந்த மூன்றாம் நாள், மாமா கைகாட்டிய இடத்தில் தோண்டினேன். வரிசையாக முதுகெலும்புகள், ஒவ்வொன்றிலும் நெட்டையாக ஒரு முள், கூடவே நாலு கால். அசனம் முடிந்தால் ஒரு வாரத்துக்கு எங்கள் ஊரில் எந்த மண்ணைக் கிளறினாலும் ஆட்டெலும்பு வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

பள்ளிக் கண்காட்சிக்கு மாமாதான் எலும்புப் பெட்டியைச் சுமந்து வந்தார். தூத்துக்குடிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த மேடம் குனிந்து ஒரு முள்ளின் அடியை நகத்தால் சுரண்டினார். மயில்மீனின் முதுகுத்துடுப்பு முள், ஆட்டுக்கால், வள்ளத்துக்குப் பூசும் பசை என்று மெதுவாகச் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒட்டியது யார் என்று கேட்டார். மாமா தரையைப் பார்த்தார்.

"மீனுக்கு முதுகு முள்ளு தனியாக் கழண்டு வந்துரும். இந்த மிருகத்துக்கு எலும்புலேருந்தே முளைச்சிருக்கும். ஒட்டுனவங்க அதைக் கவனிச்சிருக்காங்க" என்றார் மேடம்.

அது என் காதில் ஏறவேயில்லை. மானம் கப்பலேறிப் போயிருந்தது. ஒரு மாதம் மாமாவோடு பேசவில்லை.

இன்று எலும்புகளை அடையாளம் காண்பதுதான் என் பிழைப்பு. போன மாதம் வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் அசல் டைமெட்ரோடான் எலும்பைக் கையில் கொடுத்தார்கள். விரல் தானாக முள்ளின் அடிக்குப் போனது. அங்கிருந்தே மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"ஏளா, ஒட்டு தெரியுதா?" என்றார்.

தெரியவில்லை என்றேன்.

"நான் ஒட்டுனதுலயுந் தெரிஞ்சிருக்காது. அன்னைக்கு மழ வந்துட்டு, பசை காயல."

நான் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்த படத்தை, எனக்காக ஒருவர் முள் முள்ளாக உற்றுப் பார்த்திருக்கிறார். பத்து வயதில் எனக்கு அது தெரியவில்லை.