ஈரிழைத் துண்டு

ஐந்தாம் மாடியில், மூன்று வெவ்வேறு அறைகளில் இருந்த மூன்று பேருக்கு ஒரே கிருமி வந்தது. மருந்துக்கு எளிதில் அடங்காத வகை. மூன்றாமவர் பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர், உடைந்த காலுக்குள் கம்பி வைக்க வந்தவர். கம்பி வைத்த இடம் சீழ் பிடித்தது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மருந்துகள் மாற்றியும் புண் ஆறவில்லை. அவர் மனைவி என்னை வராண்டாவில் நிறுத்தினார்.

“ஏனுங்க அம்மணி, வர்றப்ப காலு ஒடிஞ்சதோட மட்டுந்தானுங்க வந்தோம். இது எங்கிருந்துங்க வந்துச்சு?”

“பாத்துட்டு இருக்கறோங்க” என்றேன்.

பார்ப்பதுதான் என் வேலை. அந்த மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் நான். வெள்ளகோவிலில் தறி ஓட்டும் என் அப்பாவும் அம்மாவும் இன்றும் கைநாட்டு வைப்பவர்கள். அண்ணன்கள் இருவரும் பள்ளிக்கூடப் படி ஏறவில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். நான் சரி என்று சொன்னால்தான் ஓர் அறையை அடுத்த நோயாளிக்குத் திறப்பார்கள். அதில் எனக்கிருந்த கர்வத்தை இப்போதும் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

அந்த மாடியைத் துடைத்தவர் துடியலூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. ஐம்பது வயதிருக்கும். சேர்ந்த புதிதில் என்னைக் ‘கண்ணு’ என்று கூப்பிட்டார். “மேடம்னு கூப்பிடுங்க” என்றேன், நாலு பேர் முன்னால். அதன்பின் அவர் ஒரு முறைகூடத் தவறவில்லை.

துடைத்தார்களா என்று பார்க்க எங்களிடம் ஒரு வழி உண்டு. கண்ணுக்குத் தெரியாத பசையைக் கட்டில் கம்பியிலும் கதவுப் பிடியிலும் புள்ளி வைத்துவிட்டு, பிறகு நீல டார்ச் அடித்துப் பார்ப்போம். துடைக்காத புள்ளி ஒளிரும். மற்ற மாடிகளில் பத்துக்கு நாலு புள்ளியாவது ஒளிரும். இந்த அக்காவின் அறைகளில் ஒன்றுகூட மிஞ்சாது. ஆனாலும் கட்டில் கம்பியில் பஞ்சு தேய்த்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் அதே கிருமி வளர்ந்தது.

ஒரு மத்தியானம், டிஸ்சார்ஜ் ஆன அறையில், அவருக்குத் தெரியாமல் கழிவறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். மருந்துத் தண்ணீரை ஒரு மூலை விடாமல் தடவினார். மருத்துவமனை மேலாளரிடமிருந்து போன் வந்தது, அக்கா ஸ்பீக்கரில் போட்டார். “ரூம் ரெடியாங்களா?” வெளியே சக்கர நாற்காலியில் அடுத்த நோயாளியும் அவர் வீட்டு ஆட்களும். “இன்னும் எத்தன நேரங்க?” என்று யாரோ கதவைத் தட்டினார்கள். அக்கா இடுப்பிலிருந்து ஓர் ஈரிழைத் துண்டை உருவி, கட்டில், கம்பி, மேசை எல்லாவற்றையும் பளபளவென்று உலர்த்திவிட்டு, “வாங்க, வாங்க, இப்ப படுக்கலாமுங்க” என்று கதவைத் திறந்தார். பிறகு அதே துண்டோடு பக்கத்து அறைக்குப் போனார்.

அந்த மருந்து பத்து நிமிடம் ஈரமாக நின்றால்தான் கிருமி சாகும். துண்டை வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். மூன்று அறைகளிலும் வந்த அதே கிருமி அதில் இருந்தது.

இந்தப் பத்து நிமிடத்தைத் துப்புரவுப் பணியாளர்களுக்கு எடுத்த வகுப்பில் நான் சொல்லியிருந்தேன். அன்றைக்கு அந்த அக்கா எழுந்து கேட்டதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“பத்து நிமிசம் ஈரமா உட்டா வெளிய நிக்கறவங்க சத்தம் போடுவாங்களேங்க மேடம். கதவுல ஒரு அட்டைய எழுதித் தொங்கவுட்டா தேவலைங்க. நாங்க சொன்னா யாருங்க கேக்கறாங்க?”

“தொடைக்கறது உங்க வேலைங்க. யோசிக்கறதுக்கு நாங்க இருக்கறோம்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். வகுப்பு முடிந்ததும் பதிவேட்டில் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

மேலாளர் அறையில் விசாரணை நடந்தது. நானும் அவரும் உட்கார்ந்திருந்தோம், அக்கா நின்றார். மேலாளர் குரல் உயரவே இல்லை.

“துண்டு கொண்டாரச் சொல்லி யாருங்க சொன்னாங்க?”

அக்கா மேலாளரின் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“யாரும் சொல்லுலீங்க. ஊட்டுல இருந்து நாந்தானுங்க கொண்டாந்தேன். சீக்காளிய ஈரத்துல எப்படிங்க படுக்கச் சொல்றது?”

“வகுப்புல இதச் சொன்னீங்களா?” என்று மேலாளர் என்னிடம் திரும்பினார். நடந்ததற்கு யாராவது ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும், அது நானாக இருந்துவிடக் கூடாது. பதிவேட்டைத் திறந்து அந்தக் கோணல் கையெழுத்தின் மேல் விரலை வைத்தேன்.

“சொன்னேங்க சார்.”

அது பொய்யில்லை. அவர் என்ன கேட்டார் என்று யாரும் விசாரிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

“நாளைல இருந்து நீங்க வர வேண்டாமுங்க” என்றார் மேலாளர். எங்கள் பக்கம் ஆளை வெளியே அனுப்பும்போதும் ‘ங்க’ போட மறக்க மாட்டோம்.

வாசலில் அக்கா தயங்கி நின்றார். “மேடம், அந்தத் துண்டு புதுசுங்க. குடுத்தீங்கன்னா துவைச்சுக்குவேனுங்க.”

“அது மஞ்சப் பைல எரிக்கறதுக்குப் போயிருச்சுங்க.”

“செரிங்க. வாரேனுங்க மேடம்.”

மூன்றாவது வாரம் பட்டறைக்காரரின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் மனைவி என்னைப் பார்த்தால் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி வழிவிடுவார், நான் பெரிய அதிகாரி என்பது போல.

அடுத்த மாதம் எல்லா அறைக் கதவுகளிலும் ஓர் அட்டை தொங்கியது. ‘சுத்தம் செய்யப்பட்டுள்ளது. பத்து நிமிடம் காத்திருக்கவும்.’ யாரும் கதவைத் தட்டவில்லை. படித்துவிட்டுப் பேசாமல் நின்றார்கள். மூன்று மாதமாக அந்த மாடியில் புதிதாக யாருக்கும் கிருமி வரவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் தலைமை மருத்துவர் அந்த அட்டையைத் திரையில் காட்டினார்.

“சின்ன விசயம், ஆனா யாருக்குமே தோணல பாருங்க. இது யாரோட ஐடியாங்க?”

முன்வரிசையில் இருந்த நான் எழுந்து நின்றேன்.

“என்னுதுங்க சார்.”