எங்க மாடி மட்டும்

எங்க வீட்டு மேல் போர்ஷன்ல ஆறு வருஷம் குடியிருந்த பெயிண்டரைப் பத்தி யாராவது பேச்செடுத்தா, நான் அடுப்பைப் பார்க்கற சாக்குல எழுந்து உள்ள போயிடுவேன். அந்த மனுஷன் மேல கோவம்லாம் இல்ல. கோவம் என் மேலதான்.

ஒல்லியான ஆளு. காது மடல்லயோ புருவத்துலயோ எப்பவும் ஒரு பொட்டு பெயிண்ட் ஒட்டியிருக்கும். அளந்துதான் பேசுவாரு. ஆனா வெயிலைப் பத்திப் பேச்சு வந்துட்டா ஆளை நிறுத்த முடியாது. "வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுதுக்கா. மரம் வச்சா நிழல் தர்றதுக்குப் பத்து வருஷம் ஆகும். அதுவும் வைக்கணும்தான். ஆனா மொட்டை மாடிக்கு வெள்ளை அடிக்க ஒரு நாள் போதும்"பாரு. வேலை பார்க்கற வீடுகள்ல மிச்சமாகற வெள்ளை பெயிண்டைக் கேட்டு வாங்கிச் சேர்த்து வைப்பாரு. ஞாயித்துக்கிழமை விடிஞ்சா கொத்தனாரு, ஸ்கூல் பஸ் டிரைவருன்னு நாலஞ்சு பேரைக் கூட்டிக்கிட்டு ஏணியோட கிளம்பிடுவாரு. பாசியைத் தேய்ச்சுக் கழுவி, விரிசலை அடைச்சு, ரெண்டு தடவை வெள்ளை அடிச்சுக் குடுத்துட்டு வருவாங்க.

யாராவது முரண்டு பிடிச்சா அதுக்கும் ஒரு வழி வச்சிருந்தாரு. பாதி மாடிக்கு மட்டும் அடிச்சுட்டு, உச்சி வெயில்ல வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டுச் செருப்பைக் கழட்டச் சொல்லுவாரு. ஒரு கால் வெள்ளையில, ஒரு கால் வெறும் சிமெண்ட்ல. ரெண்டு எண்ணறதுக்குள்ள சிமெண்ட்ல இருக்கற கால் தானா மேல வந்துடும். "அப்ப மீதியையும் அடிச்சுடலாங்களா?"ன்னு ஒண்ணும் தெரியாத மாதிரி கேப்பாரு. இப்படியே எங்க தெருவுலயும் அடுத்த தெருவுலயுமா நாப்பத்தோரு மாடி வெளுத்துப் போச்சு.

எங்க மாடி மட்டும் கறுப்பாவே கிடந்துச்சு. அதுக்குக் கீழதான் அவரு குடியிருந்தாரு.

அவரு சம்சாரத்துக்கு ஆஸ்பத்திரியில நைட் டூட்டி. நோயாளிகளைத் தூக்கி உக்கார வைக்கற, படுக்கை மாத்தற வேலை. காலையில வந்து படுத்தா சாயங்காலம் வரைக்கும் தூங்கி எழணும். தெருவே வெந்து கிடக்கற நேரம்தான் அந்தப் பொண்ணுக்கு ராத்திரி. அந்த ரூம்லயோ ஃபேனைப் போட்டா அனலைத்தான் அள்ளிக் கொட்டும்.

போன கோடையில பெயிண்டரு எங்க வாசல்ல வந்து நின்னாரு. "அக்கா, நம்ம மாடிக்கும் அடிச்சுடட்டுமா? நீங்க ஒண்ணும் தர வேண்டாம். அவ தூங்கினா போதும்."

"அடுத்த வருஷம் மேல இன்னொரு மாடி எடுக்கப் போறோம். இப்ப எதுக்கு வெட்டி வேலை?"ன்னேன்.

பச்சைப் பொய். விஷயம் என்னன்னா, என் தம்பி ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொல்லிட்டுப் போயிருந்தான். "குடியிருக்கறவங்களைக் கட்டடத்துல கை வைக்க விடாதக்கா. இன்னைக்கு வெள்ளை அடிப்பாங்க, நாளைக்கு நான் பாடுபட்ட வீடும்பாங்க. அப்புறம் கிளப்ப முடியாது." அது என் மண்டையில நல்லா ஏறி உக்காந்துக்கிச்சு. ஆறு வருஷத்துல ஒரு குழாயை ஒழுக விட்டதில்ல அந்த மனுஷன். அவரு என் வீட்டைப் பிடுங்கிக்குவாராம். என் புத்தியை எதால அடிக்கறது?

என் வீட்டுக்காரரு, "அடிச்சுட்டுத்தான் போகட்டுமே, விடேன்"னாரு. "உங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது, சும்மா இருங்க"ன்னு அவரு வாயையும் அடைச்சேன்.

இந்தக் கோடையிலயும் வந்து ஒரு தடவை கேட்டாரு. அதே பதில்தான் சொன்னேன். அதுக்கப்புறம் கேக்கல. ஞாயித்துக்கிழமையானா ஏணியைத் தோள்ல போட்டுக்கிட்டு எங்க வாசல் வழியாவே அடுத்தவங்க மாடிக்குப் போவாரு.

அந்தப் பொண்ணு பாயைச் சுருட்டிக்கிட்டுக் கீழ வந்து மாடிப்படிக்கு அடியில படுக்க ஆரம்பிச்சா. அங்க கொஞ்சம் காத்து வரும். மூணு நாள் பொறுத்தேன். நாலாவது நாள், "நாலு பேர் வந்து போற இடம். இங்க இப்படிப் படுத்துக் கிடந்தா பார்க்க நல்லாவா இருக்கு?"ன்னு கேட்டுட்டேன். எழுந்து முடியை அள்ளி முடிஞ்சுக்கிட்டு, "சரிக்கா"ன்னா. கண்ணு ரெண்டும் செவந்து கிடந்துச்சு. அதைப் பார்த்துக்கிட்டேதான் நான் கதவைச் சாத்தினேன்.

பத்து நாள் ஆகியிருக்கும். காலையில டூட்டி முடிஞ்சு வந்தவ படித் திருப்பத்துல கால் தவறி உருண்டுட்டா. சத்தம் கேட்டு ஓடினேன். "தூக்கம் கண்ணைக் கட்டிடுச்சுக்கா"ன்னு என்னமோ என்கிட்ட மன்னிப்புக் கேக்கற மாதிரி சொன்னா. இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. ஆபரேஷன் பண்ணினாங்க. கம்பை ஊனி நடப்பா, ஆனா இனிமே ஆளைத் தூக்கற வேலைக்கெல்லாம் ஆகாதுன்னுட்டாங்க. மாடிப்படியும் ஏறக் கூடாது. அவ அண்ணன் ஊர்ல தரையோட தரையா ஒரு வீடு கிடைச்சுதுன்னு காலி பண்ணிட்டாங்க.

சாவியைக் குடுக்க வந்தப்ப பெயிண்டரு நாலு வார்த்தை கேட்டிருந்தா எனக்கு மனசு ஆறியிருக்கும். "மேல ஒரு வாளி பெயிண்ட் இருக்குக்கா. நம்ம மாடிக்குன்னு எடுத்து வச்சது. வண்டியில இடமில்ல, யாருக்காவது ஆகட்டும்"னாரு. அவ்வளவுதான்.

ஏறிப் போய்ப் பார்த்தேன். கட்டில் கிடந்த இடத்துக்குப் பக்கத்துலயே வாளி. காத்துப் போகாம பிளாஸ்டிக் தாளால இறுக்கிக் கட்டி, கழுவின பிரஷ்ஷை மேல வச்சிருந்தாரு. ரெண்டு கோடை அதைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் வெந்திருக்காங்க.

கொத்தனாரைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தாரு, என் முகத்தைப் பார்க்காமலே அடிச்சாரு. பாதி மாடி அடிச்சுக் காஞ்சதும் நான் மேல போய்ச் செருப்பைக் கழட்டிட்டு நின்னேன். வெள்ளையில ஒரு கால், சிமெண்ட்ல ஒரு கால். சுட்ட காலை நான் எடுக்கல. கொத்தனாருதான், "போதும்மா, கீழ போங்க"ன்னாரு.

இப்ப அந்த ரூம்ல ஒரு பையன் இருக்கான், அவனுக்கும் ராத்திரி வேலைதான். போன வாரம் படியில பார்த்தப்ப, "மத்தியானம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன் ஆன்ட்டி. எந்த ஹவுஸ் ஓனர் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்வாங்க?"ன்னான். யாரு பெயிண்ட், யாருக்காக எடுத்து வச்சதுன்னு சொல்லியிருக்கணும். "ம்"னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன்.

பெயிண்டரு நம்பர் என் ஃபோன்ல இருக்கு. அப்பப்ப எடுத்துப் பார்ப்பேன். பண்ணினா என்னன்னு சொல்றது? உங்க ரூம் இப்ப சில்லுன்னு இருக்குன்னா?