விளம்பரம் ஓடும் நேரம்

பேராவூரணியில் கபடி என்றால் ரெமிஜியஸின் கேபிள் சேனல்தான். இருபத்தாறு வருஷமாகப் படம்பிடிப்பது, வர்ணனை சொல்வது, பட்டன் தட்டுவது எல்லாம் அவரே. கேசட் காலத்தில் இன்றைய ஆட்டத்தை நாளைக்குக் காட்டினார். பிறகு நேரலை வந்தது. ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை. விளம்பரம் ஓடும்போது பதிவை நிறுத்திவிடுவார். அந்தப் பதிவு வளைகுடாவில் இருக்கும் நம்மூர்க்காரர்களுக்குப் போவது. பாத்திரக்கடை விளம்பரத்தை அவர்கள் எதற்குப் பார்க்கவேண்டும் என்பது அவர் நினைப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழக்கமே காலை வாரிவிட்டது.

இறுதியாட்டம், இரண்டு ஊரும் சமநிலை, கடைசி ரெய்டு. பாடிப் போனவனை நாலு பேர் அமுக்கிவிட்டார்கள். அவன் கை நடுக்கோட்டைத் தொட்டிருந்தால் அவன் ஊருக்குக் கோப்பை. தொட்டது என்று ஒரு கூட்டம், இல்லவே இல்லை என்று எதிர்க்கூட்டம். வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள். நடுவர் நாகநாதன் குறுக்கே புகுந்தார்.

"சண்டை வேணாங்க. ரெமிஜியஸ் அண்ணன் பதிவைப் பாப்போம். அதுல என்ன இருக்கோ அதான் தீர்ப்பு."

இரண்டு ஊரும் ஒத்துக்கொண்டன. ரெமிஜியஸ் பதிவுப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். ஐயோ! கடைசி விளம்பரத்துக்கு நிறுத்திய பதிவு நிறுத்தியபடியே கிடந்தது. கரண்டு போச்சு, மெஷின் கோளாறு என்று எதையாவது அளந்துவிட்டிருக்கலாம். மனுஷருக்கு அது வராது. மைக்கிலேயே சொன்னார்.

"மன்னிச்சிருங்க. பதிவாகல. என் தப்புதான்."

"எந்த ஊருகிட்ட வாங்குனே?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். இருபத்தாறு வருஷத்துப் பேர் அந்த ஒரு வார்த்தையில் போய்விடும்போல் இருந்தது. அவர் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் போன் அடித்தது. கடைத்தெரு ரஹ்மத் பீவி. ரெமிஜியஸ் மைக்கில் சொன்னதை டிவியில் கேட்டுவிட்டுக் கூப்பிட்டிருந்தாள்.

"அண்ணே, பதறாதீங்க. சவுதியில தம்மாம்ல இருக்குற எங்க வீட்டுக்காரரு பாக்கணும்னு மேட்சு நடக்குறப்பல்லாம் வீடியோ கால் போட்டு டிவி முன்னாடி போனை வச்சிருவேன். அவரு அதை அப்படியே பதிஞ்சு வச்சுக்குவாரு. இப்பவே அனுப்பச் சொல்றேன்."

படம் வந்தது. கொஞ்சம் ஆடியது, ஆனாலும் கோட்டின் மேல் இரண்டு விரல் பளிச்சென்று தெரிந்தது. கத்தியவர்கள் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்கள். தோற்ற அணியின் தலைவனே வந்து ரெமிஜியஸின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் சாய்ந்து ஒரு பன்னீர் சோடாவை ஒரே மூச்சில் குடித்தார்.

மறுநாள் ரெமிஜியஸ், ரஹ்மத் பீவியின் கணவர் ஜாஃபர் சாதிக்கைப் போனில் கூப்பிட்டு நன்றி சொன்னார்.

"ஏன் தம்பி, விளம்பரத்தையெல்லாமா சேத்துப் பதியிறீங்க?"

"அதுக்குத்தானண்ணே பதியிறதே. பாத்திரக்கடை விளம்பரத்துல எதுத்தாப்ல எங்க வீட்டு வாசல் தெரியுமே!"

ரெமிஜியஸ் இப்போதெல்லாம் விளம்பரத்துக்குப் பதிவை நிறுத்துவதில்லை.