கோவிந்தன் வாயும் கண்ணை மூடிய டாக்டரம்மாவும்

கடந்த மாசியில் மலையிலிருந்து எங்கள் வீட்டுக்குப் புளி கொண்டுவந்த கோவிந்தன், என் மனைவி வைத்த காரக்குழம்பைத் தொடாமல் வெறும் மோர்ச்சோறு தின்றுவிட்டு எழுந்தார். எங்கள் ஊர் செங்கத்தில் அது பூகம்பத்துக்குச் சமமான செய்தி. அந்தக் குழம்பை மறுத்துவிட்டு உயிரோடு வாசல் தாண்டியவர் வரலாற்றில் இல்லை. விசாரித்தால், கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு திட்டு, இரண்டு மாதமாக எரிச்சல். ஆயுசு முழுக்கப் புகையிலை அதக்கிய பக்கம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் மூன்று நாள் ஓடிவிடும், புளி உலுக்குவது யார் என்றார். ஆனால் அவர் ஊர்ப்பக்கத்துச் சுகாதார நிலையத்தில் வியாழக்கிழமைகளில் புற்றுநோய் டாக்டர் திரையில் வருகிறாராம். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். இமயத்தில் வில் பொறித்த சேரனுக்குப் பிறகு மலைக்கு அழைக்கப்பட்ட மாவீரன் நான்தான். கிளம்பினேன்.

காலை ஆறு மணிக்குச் செங்கத்தில் பஸ், ஒன்றரை மணி நேரத்தில் திருப்பத்தூர். அங்கே இட்லி தின்றுவிடுங்கள், மேலே கடைகள் குறைவு. அங்கிருந்து கோவிந்தன் பக்கத்துப் புதூர்நாட்டுக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர் மலைப்பாதை. வளைவுகளில் என் முதுகை நானே நேருக்கு நேர் பார்த்தேன். கம்பியைக் கட்டிப்பிடித்திருந்த என்னைக் கண்டக்டர், "இன்னா பெரியவரே, கம்பியக் கழட்டி வூட்டுக்கு எடுத்துனு போவப்போறீங்களா?" என்று விசாரித்தார். இறங்கியதும் கோவிந்தன் காத்திருந்தார். சுகாதார நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் தலைக்கு இருபது ரூபாய்.

சுகாதார நிலையத்தில் ஒரு சின்ன அறை, மேசைமேல் திரை, கூரையில் சோலார் தகடு. நர்ஸ் சுமதி இணைப்புக் கொடுத்ததும் எங்கோ நகரத்து மருத்துவமனையிலிருந்து டாக்டரம்மா தோன்றினார். கோவிந்தன் சட்டென எழுந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர்கள் முன்னால் அவர் அப்படித்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் துண்டுக்குள்ளிருந்தே பதில் வந்தது. வாயைத் திறவுங்கள் என்றால் மட்டும் தலை குனிந்தது.

சுமதி கெஞ்சினார். நான் அதட்டினேன். நடக்கவில்லை. புளிய மரத்தின் உச்சிக்கிளையில் நின்று உலுக்குகிற மனிதருக்கு நெற்றி வியர்த்தது. கடைசியில் அவரே வழி சொன்னார்.

"டாக்டரம்மா கண்ண மூடிக்கினா, தெறக்கறேங்க."

நான் சிரிக்க வாயெடுத்தேன். அதற்குள் டாக்டரம்மா நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டார். ராஜாக்கள் சாமரம் வீசி நின்றிருந்தாலும் எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்காது. துண்டு இறங்கியது. சுமதி சின்ன டார்ச் அடித்து, கைப்பேசியில் நாலைந்து படம் எடுத்து அனுப்பினார். துண்டு ஏறியது. "ஆச்சுங்க மேடம்" என்றதும் டாக்டரம்மா கண்ணைத் திறந்து, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார்.  

துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், அதற்கு ஒரே ஒரு காலை திருப்பத்தூருக்கு வந்தால் போதும், முடிவை இதே திரையில் சொல்கிறேன் என்றார். கோவிந்தன் போனார். மதியமே புளிக்குத் திரும்பிவிட்டார்.

போகிறவர்களுக்கு: வியாழனா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மழை நாளில் சிக்னல் படுத்துவிடும். படங்கள் அப்போதும் மெதுவாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்றார் சுமதி. பழைய சீட்டு, மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள். வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் பொறுத்திருக்காதீர்கள். மலையின் தேனும் சாமையும் எங்கேயும் போய்விடாது, திரும்பும்போது வாங்கலாம்.

பங்குனியில் முடிவு கேட்க மறுபடி ஏறினேன். முதுகு மறுபடி தரிசனம் தந்தது. கோவிந்தன் துண்டால் வாயைப் பொத்தியபடி திரைமுன் நின்றார். டாக்டரம்மா நேராக விஷயத்துக்கு வந்தார். புற்று இல்லை. ஆனால் விட்டுவைத்தால் ஆகலாம். புகையிலை இன்றோடு சரி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே அறையில் காட்ட வேண்டும்.

கோவிந்தன் என்னைப் பார்த்தார். சுமதியைப் பார்த்தார். பிறகு துண்டை மறந்து, கடைவாய் தெரியச் சிரித்தார்.

"அப்படியே இருங்க கோவிந்தன்," என்றார் டாக்டரம்மா, திரைக்கு அருகில் வந்து. "இந்தத் தடவை கண்ணத் தொறந்தே பாத்துக்கறேன்."