வாப்பாவின் கேரளா

கேரளாவில் வாழ்வது நல்லதா, தமிழ்நாட்டில் வாழ்வது நல்லதா என்று இப்போது ஆளாளுக்கு வீடியோ போட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியைக் காட்டுகிறார், இன்னொருவர் ரோட்டைக் காட்டுகிறார், கீழே கமெண்டில் இரண்டு பக்கமும் நின்று கிழி கிழியென்று கிழிக்கிறார்கள். ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் நான் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிடுவேன். இவளுக்கு என்ன கோபம் என்று பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு சின்ன வயதிலேயே திகட்டிவிட்டது, அது அவர்களுக்கு எங்கே தெரியும்.

நான் பிறந்து வளர்ந்தது தென்காசி. எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் கல்ஃபில் இருந்தார்கள். வாப்பாவும் அப்படித்தான், நான் பிறப்பதற்கு முன்பே விமானம் ஏறியவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், பெட்டியைப் பிரிப்பார், வீடெல்லாம் அத்தர் மணக்கும், நானும் தம்பியும் கூச்சம் தெளிந்து அவரிடம் பேச ஆரம்பிக்கும்போது கிளம்பிவிடுவார். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். வந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வியர்வை ஆறியதும் அறிவித்தார்: சொந்த வீடு கட்டப் போகிறோம். ஆனால் இங்கே இல்லை, புனலூரில். அடுத்த வருடம் பள்ளிக்கூடம் திறக்கும்போது நானும் தம்பியும் அங்கேதான் படிக்க வேண்டும்.

புனலூர் என்பது செங்கோட்டையைத் தாண்டி மலை ஏறி இறங்கினால் வருகிற கேரளத்து ஊர். எங்களுக்கு அங்கே ஒரு ஈ காக்கை உறவு கிடையாது. வாப்பாவோடு கல்ஃபில் ஒரே அறையில் கட்டில் போட்டுக் கிடந்த சிநேகிதர் ஒருவருக்கு அது சொந்த ஊர், அவ்வளவுதான். அந்த அறையில் முக்கால்வாசிப் பேர் மலையாளிகள். அத்தனை வருடமும் அவர்கள் தங்கள் ஊரைப் பற்றிப் பேசப் பேச, இவர் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மற்றபடி வாப்பா கேரளாவில் கண்ணால் கண்டதெல்லாம் திருவனந்தபுரம் விமான நிலையமும், அங்கிருந்து எல்லையில் இருக்கிற புளியரை செக்போஸ்ட் வரைக்குமான ரோடும்தான். அதிலும் பாதித் தூரம் தூங்கிக்கொண்டு வருவார்.

எதிர்க்கட்சி எங்கள் மாமா, உம்மாவின் தம்பி. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி லோடு ஏற்றி தினமும் கொல்லத்துக்கு மினி லாரி ஓட்டுகிறவர். கேரளா இல்லையென்றால் அவர் வீட்டு அடுப்பில் பூனைதான் தூங்கும். ஆனால் அந்த ஊரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

இரண்டு பேரும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு விரிப்பில் எதிரெதிரே உட்காருவார்கள். வாப்பா அங்கே ஆஸ்பத்திரி எப்படி தெரியுமா என்பார். மாமா அங்கே நினைத்தால் கடையை அடைத்து ஹர்த்தால் தெரியுமா என்பார். அங்கே ஆற்றில் வருடம் முழுக்கத் தண்ணீர் என்று ஒருவர். அங்கே துவைத்துப் போட்ட சட்டை ஒரு வாரமானாலும் காயாது என்று மற்றவர். நாங்கள் அனுப்புகிற கத்தரிக்காய் இல்லையென்றால் அவர்கள் எதைத் தின்பார்கள் என்று மாமா கேட்டால், அந்தக் கத்தரிக்காய்க்கு நீ அடிக்கிற மருந்தைப் பற்றிப் பேசுவோமா என்று வாப்பா ஆரம்பிப்பார். அப்போதெல்லாம் எங்கள் ஊரில் கரண்ட் போவதற்கு நேரங்காலம் கிடையாது. வாக்குவாதத்தின் நடுவே ஃபேன் நின்றால் வாப்பா மாமாவைப் பார்த்துச் சிரிப்பார். மாமாவுக்கு அதுதான் தாங்காது.

"கரண்ட் போனா என்ன மச்சான்? இந்தா, காத்து பிச்சுக்கிட்டு அடிக்கில்லா? சாரக் காத்து! இந்தக் காத்து அங்கன உண்டுமா?"

"ஏலே கூறுகெட்டவனே, அந்தக் காத்தே அங்கன இருந்துதாம்லே வருது."

இப்படித்தான். காற்றைக்கூட விட்டுவைக்கவில்லை. எனக்கு என்ன எரிச்சல் என்றால், இந்தச் சண்டையில் அடிபட்டது நான். வாப்பா எனக்கு மலையாள அரிச்சுவடி ஒன்று வாங்கிவந்து, தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் எழுதிக் காட்டச் சொன்னார். தெருவில் மற்ற பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது நான் ஜிலேபி பிழிந்துகொண்டிருப்பேன். வீட்டில் சோற்றையும் மாற்றினார். கொட்டை கொட்டையாக ஒரு சிவப்பு அரிசி வந்தது. குழம்பைக் குடிக்காமல் தட்டில் தனித்தனியாக முறைத்துக்கொண்டு கிடக்கும். தம்பி அதைப் பார்த்தாலே அழுதான்.

உம்மா இதில் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவள் தையல் மிஷின் வைத்துத் தெருவுக்கே சுடிதார் தைத்துக்கொண்டிருந்தவள். கேஸ் வரவில்லை என்றால் யாரைப் பிடிப்பது, தண்ணீர் மோட்டார் ரிப்பேர் என்றால் யாரைக் கூப்பிடுவது, பள்ளிக்கூடத்தில் எந்த டீச்சரிடம் பேசினால் காரியம் ஆகும் எல்லாம் அவள் விரல்நுனியில் இருந்தது. வாப்பா பேசும்போது மிஷினை மிதித்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் மனை பார்த்தாகிவிட்டது, சாரல் சீசன் முடிந்ததும் அஸ்திவாரம் என்று வாப்பா சொன்னபோதுதான் மிஷின் நின்றது.

"நீங்க போறதுன்னா போங்க. நான் இங்கனதான் இருப்பேன், புள்ளைகளும் இங்கனதான் இருக்கும். நமக்கு இது புதுசா என்ன?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே சொன்னாள். எனக்கு, வாப்பா மறுபடியும் பெட்டி கட்டிவிடுவார், இந்தத் தடவை விமானம்கூட வேண்டாம், பஸ்ஸிலேயே போய்விடுவார் என்று தோன்றியது. அதற்காக மலையாளமே எழுதித் தொலைக்கலாம் என்றும் தோன்றியது.

வாப்பா கடைசி அஸ்திரமாக, தன்னைப் போலவே கல்ஃபை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியிருந்த அந்தப் புனலூர் சிநேகிதரைக் குடும்பத்தோடு குற்றாலத்துக்கு அழைத்தார். அவர் வாயால் கேரளாவைக் கேட்டால் உம்மாவின் மனம் மாறிவிடும் என்பது திட்டம். மாமா விடுவாரா? லோடுக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு அவரே டிரைவராக வந்து நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை. ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகொட்டென்று கொட்டியது. பெண்கள் பக்கம் நாங்கள், ஆண்கள் பக்கம் அவர்கள். குளித்து முடித்து, உதடு நீலம் பாரித்து, நடுங்கிக்கொண்டே வந்து ஒரு புரோட்டாக் கடையில் உட்கார்ந்தோம். ஒரு பெஞ்சில் ஆண்கள், பின் பெஞ்சில் உம்மாவும் சிநேகிதரின் மனைவியும் நானும் தம்பியும். வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, நீயே சொல்லு, உங்கள் ஊரில் வீடு கட்டுவதைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று அவரைக் கேட்டார். கேட்டது மலையாளத்தில். அவர் பதில் சொன்னது எங்கள் ஊர்த் தமிழில். அத்தனை வருடம் ஒரே அறையில் கிடந்ததில் இவர் அவர் பேச்சையும் அவர் இவர் பேச்சையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, அத விடு. எனக்கு இங்கன தென்காசிப் பக்கம் ஒரு அஞ்சு சென்ட் பாத்துச் சொல்லு. நான் இங்கன வந்துருதேன்."

மாமாவின் கையிலிருந்த புரோட்டாத் துண்டு அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! புனலூர்க்காரர் தமிழ்நாட்டைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார். இங்கே ஒரு வேலைக்கு ஆள் கூப்பிட்டால் மறுநாள் காலையில் வந்து நிற்கிறான், பூமி சமமாகக் கிடக்கிறது, ஒரு பூ வாங்கினால்கூட என்ன மணம் என்றார். எங்கள் தென்காசி வாப்பா அவருக்குக் கேரளாவைப் பற்றிப் பாடம் எடுத்தார். "நீ வெறுதே பறயண்டா" என்று மேஜையைத் தட்டினார். சும்மா பேசாதே என்று அர்த்தம். அந்த ஒரு வாக்கியம் எனக்கு அன்றைக்கே மனப்பாடமாகிவிட்டது, அவ்வளவு தடவை சொன்னார். மலையாளி தமிழ்நாட்டுக்காகவும் தமிழர் கேரளாவுக்காகவும் தொண்டை கிழியக் கத்த, மாமா யார் பக்கம் சேருவது என்று தெரியாமல் இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பாவம், அவர் பேசவேண்டியதையெல்லாம் அந்த மனிதரே பேசித் தீர்த்துவிட்டார்.

எங்கள் பெஞ்சில் வேறு கச்சேரி. அந்த அம்மாவுக்குத் தமிழ் அரைகுறை, உம்மாவுக்கு மலையாளம் சுத்தமாகக் கிடையாது. ஆனால் அருவியிலிருந்து வரும்போதே இரண்டு பேரும் ஒரு துண்டில் மாற்றி மாற்றித் தலை துவட்டிக்கொண்டவர்கள். ஆண்களின் கூத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மா உம்மாவின் காதருகே குனிந்து, கையாலும் வாயாலுமாக ஏதோ சொன்னார். அவர் வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டை யாரையும் தொடவிடாமல் தானே கழுவி, துடைத்து, தன் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறாராம். அறையில் அப்படித்தான் பழக்கமாம். உம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "எங்க வீட்டுலயும் அதே கூத்துதான் சேச்சி!" என்றாள். இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். பெரியவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நான் முடிவுகட்டினேன்.

அப்போதுதான் சிப்ஸ் கடை அண்ணாச்சி எங்களைப் பார்த்தார். எங்கள் தெருவிலிருந்து சீசனுக்குக் குற்றாலத்தில் கடை போடுகிறவர். உம்மாவிடம் நலம் விசாரித்தார், மாமாவிடம் லோடு எப்படி என்று கேட்டார், தம்பியின் கையில் ஒரு பொட்டலம் நேந்திரங்காய்ச் சிப்ஸைத் திணித்தார். அப்புறம் வாப்பாவைக் கண்ணால் காட்டி, உம்மாவிடமே கேட்டார்.

"மாப்பிள்ளைதானே? எப்ப வந்தாவ? எப்பப் போறாவ?"

மேஜையைத் தட்டிக்கொண்டிருந்த வாப்பா கையை எடுத்துக்கொண்டார். புனலூர்க்காரர் குனிந்து, சால்னாவில் புரோட்டாவைத் தோய்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் தெனம் இதாம்லே. பள்ளிக்கூடத்துல கூடப் படிச்சவன்கூட இதத்தான் கேக்கான்."

புனலூருக்கு என்று வாப்பா சொல்லப் போகிறார், உம்மா முறைக்கப் போகிறாள், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கப் போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். உம்மாதான் பதில் சொன்னாள். சிப்ஸ் கடைக்காரரைப் பார்த்துச் சொல்லவில்லை, வாப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவங்க எங்கயும் போகல அண்ணாச்சி. நம்ம தெருவுலதான் இருக்காவ. நாளையில இருந்து பாலு வாங்க, கரண்டு பில்லு கட்ட எல்லாத்துக்கும் அவங்கதான் வருவாவ. பாத்துக்கிடுங்க."

வாப்பா இன்னொரு புரோட்டா வாங்கிப் பிய்த்து, உம்மாவின் தட்டில் வைத்தார். எல்லார் முன்னாலும் வைத்ததில் உம்மாவுக்கே வெட்கமாகிவிட்டது.

அதோடு சரி. புனலூர்ப் பேச்சு அன்றைக்கு நின்றதுதான். மாமா வேனை ஓட்டிக்கொண்டே, தண்ணீரிலும் காற்றிலும் தமிழ்நாட்டை அடித்துக்கொள்ள முடியாது, அதை மச்சானே ஒத்துக்கொண்டார் என்று ஊர் வந்து சேரும் வரைக்கும் வெற்றிக் கொண்டாட்டம் நடத்தினார். நானும் அதை நம்பினேன். இத்தனை மாதம் இரண்டு மாநிலத்தையும் போட்டு அலசியதற்கு ஒருவழியாகத் தீர்ப்பு வந்துவிட்டது, இனி அரிச்சுவடியும் இல்லை, சிவப்பு அரிசியும் இல்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் பல் தேய்க்கப் போனால் அடுத்த எரிச்சல். குளியலறை ஜன்னலில் எங்கள் பிரஷ்கள் நிற்கும் டப்பாவில் உம்மாவுடையது, என்னுடையது, தம்பியுடையது மூன்றும் இருக்கும். நாலாவதாக ஒன்று அதில் முட்டி மோதிக்கொண்டு நின்றது. வாப்பாவுடையது. வந்த நாளிலிருந்து அவர் பிரஷ் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்து, உறை பெட்டிக்குள் கிடந்து, பெட்டிக்குப் பூட்டும் போட்டிருக்கும். பல் தேய்த்ததும் ஈரத்தைத் துடைத்து உள்ளே வைத்து மூடிவிடுவார். இப்போது எதற்கு எங்கள் டப்பாவில் வந்து நெருக்குகிறார்? நேராக உம்மாவிடம் போய், இதில் நாலு பேருக்கு இடமில்லை, வாப்பாவுடையதை எடுத்து அவர் பெட்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள் என்று கத்தினேன். உம்மா தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு என் முதுகில் ஒரு அடி வைத்தாள். ஒரு டப்பாவுக்காகவா இப்படி அடிப்பாள் என்று அன்றைக்கு முழுக்க அவளிடம் நான் பேசவில்லை.