அக்கிக்குக் கட்டிய வேப்பிலை

அந்த வேப்பிலைக் கொத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய பெரிய சிஸ்டர் வீட்டு நிலையில் அது தொங்கியது. அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை செருகுவார்கள். சிஸ்டருக்கு வந்திருந்ததோ அக்கி என்று எனக்கு முன்பே தெரியும். இடது தோளிலிருந்து மார்பு வரை பட்டையாகக் கொப்புளம். அக்கிக்குக் குயவரிடம் கொப்புளத்தின்மேல் காவி மண்ணால் எழுதிக்கொள்வார்கள், அதையும் எழுதியிருந்தார். வேப்பிலை யாரும் கட்டி நான் பார்த்ததில்லை. பௌர்ணமிக்கு மலை சுற்றியவர்கள் அம்மா வந்திருக்கிறாள் என்று வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்களாம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. பெரிய சிஸ்டர் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அங்கே ரத்தப் பரிசோதனை செய்பவள். அம்மை நோயாளி வந்தால் மற்ற நர்ஸ்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு அவரே உள்ளே போவார். "எனக்குச் சின்ன வயசுலயே வந்துட்டுப் போயிடுச்சு, இனிமே என்னை என்ன பண்ணும்?" என்பார்.

உண்மையில் அது போவதில்லை. அம்மைக் கிருமி நரம்பின் வேரில் ஒளிந்து படுத்துக்கொள்கிறது. ஒருமுறை அதனோடு மல்லுக்கட்டிய வெள்ளையணுக்கள் அதன் அடையாளத்தை மறக்காமல் ஆயுசுக்கும் காவல் இருக்கின்றன. புது நோயாளியின் பக்கத்தில் போகும்போதெல்லாம் அந்த ஞாபகம் புதுப்பிக்கப்படலாம் என்று எங்கள் டாக்டர் பிற்பாடு சொன்னார். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும், வயதும் சேர்ந்துகொள்ள, சிஸ்டரின் காவல் கொஞ்சம் அசந்திருக்கவேண்டும்.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து எனக்கு அப்போது நாலாவது மாசம். அதைச் சொல்லத்தான் ஸ்வீட்டோடு பஸ் ஏறிப் போயிருந்தேன். வாசலிலிருந்தே கத்திச் சொன்னேன். "சந்தோஷம்மா, அங்கயே நில்லு, உள்ள வராத" என்று அவர் குரல் வந்தது. அக்கி ஒட்டாது என்பது என் எண்ணம். லேபில் வேலை செய்கிறவள் என்ற திமிர் வேறு. நேராக உள்ளே போனதோடு, கட்டிலோரம் கிடந்த ஈரத்துணியை அலசிப் போடலாம் என்று கையில் எடுத்துவிட்டேன். கொப்புளத்தை ஒற்றியெடுத்த துணி அது.

"ஐயோ, அதத் தொடாதடி! உனக்கு அம்மை போட்டிருக்கா?"

"இல்லீங்க சிஸ்டர்."

அவர் முகம் வெளிறிவிட்டது. அக்கிக் கொப்புளத்தில் இருப்பதும் அதே அம்மைக் கிருமிதான். அம்மை வராதவர்களுக்கு அதிலிருந்து அம்மையே வரும். அந்த மாசத்தில் வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவ வைத்தார்.

"அக்கி ஒட்டும்னு நான் சொன்னா எவ கேக்கறா? வேப்பிலையப் பாத்தா நின்னுடுவாங்கன்னுதான் கட்டி வெச்சேன். நீ நிக்கலயே! மூணு வாரம் பாக்கணும். அதுக்குள்ள வரலன்னா தப்பிச்சோம்."

அந்த மூன்று வாரமும் காலை எழுந்ததும் கண்ணாடி முன் நின்று உடம்பெல்லாம் தேடினேன். ஒரு வேர்க்குருவைப் பார்த்து அழுதிருக்கிறேன். தினமும் பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் வரும். தோள்மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு அவர் டெலிபோன் பூத்துக்கு நடந்து வந்து பேசுவார். "காய்ச்சல் இருக்கா? கொப்புளம் எதுனா?" இல்லை என்பேன், வைத்துவிடுவார். இருபத்தோராம் நாள் இல்லை என்றதும், அவர் மூக்கை உறிஞ்சுவது போனில் கேட்டது.

அத்தனை போனிலும் அவருக்கு எப்படி இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. மகள் இப்போது எட்டாவது படிக்கிறாள். அக்கியோடு யார் லேபுக்கு வந்தாலும் முதலில் வலியைப் பற்றித்தான் விசாரிக்கிறேன்.

சிஸ்டரிடம் அதைக் கேட்டது, மூன்று மாதக் குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டிய அன்றைக்குத்தான். கொப்புளமெல்லாம் எப்போதோ ஆறியிருந்தது, நரம்பு வலிதான் சிலருக்கு மாசக்கணக்கில் விடாது.

"வலியா? அது பாட்டுக்கு இருக்கு. நீ குழந்தையக் குடு" என்றார். வாங்கியவர், புடவைத் தலைப்புகூடப் படாமல் ஒதுக்கி வைத்திருந்த இடது தோளை விட்டு, வலது தோளில் அவளைச் சாய்த்துக்கொண்டார்.