மாப்பிள்ளைக்கு முன்னே வந்த சைக்கிள்

"…மாப்பிள்ளை விழுந்தா எழும்பிடுவார் ஐயா. கேக் விழுந்தா எழும்பாது" என்று சொல்லி, என் சித்தப்பாவின் கையிலிருந்த தென்னந்தும்புப் பாய்ச் சுருளை நோக்கிக் கையை நீட்டினார் அந்த அம்மா. என் தங்கையின் கல்யாணக் கேக்கைச் செய்தவர் அவர். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முகப்பில், அதே கேக்கை முன்கூடையில் கட்டிய சைக்கிளை அசையாமல் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

நாங்கள் அதுவரை வந்து சேர்ந்த கதையைச் சொல்லாவிட்டால் அந்தப் பேச்சின் ருசி தெரியாது.

இரண்டாம் உலக யுத்த காலம். சீனி கூப்பனுக்குத்தான். ஒழுங்கையிலிருந்த வீடுகளெல்லாம் மாதக்கணக்காகக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்து, மிச்சம் பிடித்த சீனியைக் கடதாசிப் பைகளில் கட்டிக் கொண்டுவந்து தந்தன. அவ்வளவும் கொட்டாஞ்சேனையில் அந்த அம்மாவின் கையில் இரண்டடுக்குக் கேக்காகி, இரண்டு அடுக்குக்கும் நடுவே விரல் தடிப்பில் சீனித் தூண்களாகி நின்றது. உடைந்தால் இன்னொன்று செய்யச் சீனி எங்கே? கல்யாணத்தன்று காலையில் வாடகைக் கார்க்காரர் பெற்றோல் இல்லையென்று கையை விரித்துவிட்டார். பஸ்ஸிலும் ரயிலிலும் காலூன்ற இடமில்லை. றிக்சாவில் வைப்போமா என்று கேட்டேன்.

"இழுக்கிறவன் கைபிடியை இறக்கினா வண்டி முன்னுக்குச் சாயும். தூண் எல்லாம் உம்மட மடியில கிடக்கும் தம்பி" என்றார் கேக் செய்த அம்மா.

ஆகவே, நான் வேலை செய்த பலசரக்குக் கடையின் சாமான் சைக்கிளைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். கூடைக்குள் தலையணை, அதற்கு மேல் கேக் பெட்டி. அந்தக் கேக் அம்மா றிக்சாவில் ஏறிப் பின்னால் வந்தார்.

வருடக்கணக்காக அந்த வழியில் சைக்கிள் ஓடியவன் நான். ஆனால் றோட்டை அன்றைக்குத்தான் கண்டேன். சரிவென்றே நினைத்திராத இடங்களெல்லாம் சரிவாக இருந்தன. செட்டியார் தெருவில் மாட்டுவண்டிச் சில்லுகள் உழுதிருந்த தடங்கள் ஒவ்வொன்றும் என் முழங்கை வரை வந்து பேசின. சாக்கடை மூடியின் கம்பி றோட்டோடு நீளவாட்டில் கிடந்தாலும் குறுக்கே கிடந்தாலும் காரில் போகிறவருக்கு ஒன்றுதான். சைக்கிள் சில்லுக்கோ குறுக்குக் கம்பி பாலம், நீளக் கம்பி பொறி. றோட்டுப் போடும் பெரியவர்கள் ஒரு தடவையாவது கேக் கட்டிக்கொண்டு அதில் ஓடிப் பார்க்க வேண்டும் என்று அன்று நினைத்தேன். இன்றைக்கும் அதைத்தான் நினைக்கிறேன்.

புறக்கோட்டையில் டிராம் தண்டவாளம். அதன் பிளவுக்குள் சில்லு இறங்கினால் கதை முடிந்தது. நேர் குறுக்காக வெட்ட வேண்டும், அதற்கு இடம் வேண்டும். பின்னால் மணியடித்துக்கொண்டு வந்த டிராம் என் தயக்கத்தைப் பார்த்து நின்றது. ஓட்டி வந்தவர் தலையை நீட்டி, "பெட்டிக்குள்ள என்ன, மாப்பிள்ளையா?" என்று கேட்டார். "அவர் நடந்து வருவார். இது அவற்ற கேக்" என்றார் அம்மா. டிராம் முழுக்கச் சிரித்தது. நான் கடந்து முடியும்வரை ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. கோட்டையில் பொலிஸ்காரர் ஒருவர் பட்டாள லொறிகளை ஒரு கையால் மறித்துக்கொண்டு, "யன்ன மல்லி, யன்ன" என்று மறு கையால் எனக்கு வழி காட்டினார். போ தம்பி, போ என்று அவ்வளவு பெரிய சந்தி முழுவதும் எனக்குச் சொன்னதுபோல் இருந்தது.

காலிமுகத்திடலில் காற்று. பெட்டி பாய்மரமாகி, சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளியது. இறங்கிவிடலாமென்று நினைத்தபோது என் வலப்பக்கம் நிழல் விழுந்தது. அம்மா றிக்சாவின் கூடாரத்தைத் தூக்கிவிட்டு, கடலுக்கும் எனக்கும் நடுவே வண்டியைக் கொண்டுவரச் செய்திருந்தார். காற்று நின்றுபோனது. திடல் முடியும்வரை அந்த நடமாடும் சுவரின் மறைவில் ஓடினேன். ஒரு நகரம் தன் சைக்கிள்காரருக்கு இவ்வளவு செய்தால் போதாதா!

கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி எல்லாம் தாண்டி வந்து ஒழுங்கைக்குள் திரும்பினால், நான் காலையில் போகும்போது இல்லாத உடைகல், வேலிக்கு வேலி கொட்டிப் பரப்பிக் கிடந்தது. றோட்டு வேலைக்காம். கல்லை அமுக்கும் உருளை இனித்தான் வருமாம். சைக்கிளை ஒரு முழம் தள்ளினேன். பெட்டிக்குள் ஏதோ நகர்ந்த சத்தம் கேட்டது. அம்மா றிக்சாவிலிருந்து குதித்தே விட்டார். தூக்கிக்கொண்டு போகிறோமென்று அயல்வீட்டு ஆண்கள் வந்தார்கள். அந்தக் கல்லில் ஒருவர் கால் பிசகினாலும் போதுமே என்று அவர் விடவில்லை. சுற்றிப் பார்த்தார். எங்கள் வீட்டுப் படலையடியில் சித்தப்பா, பின்னேரம் கோயிலிலிருந்து வரும் மணமக்கள் நடக்கவென்று வாடகைக்கு எடுத்த தும்புப் பாயை விரிக்கத் தொடங்கியிருந்தார். அம்மா கூப்பிட்டதும் என்னவோ ஏதோவென்று அதைச் சுருட்டிக் கையோடு கொண்டுவந்தார். எதற்கென்று தெரிந்ததும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இது மாப்பிள்ளை மிதிக்கிற பாய், சைக்கிள் மிதித்தால் ஊர் என்ன சொல்லும், கல்லில் மாப்பிள்ளை வழுக்கினால் யார் பொறுப்பு என்று அடுக்கினார். அப்போதுதான் அம்மா அந்தப் பதிலைச் சொன்னார்.

சித்தப்பாவின் பிடி தளர்ந்தது. அம்மா சுருளை வாங்கி, கவுன் விளிம்பை ஒரு கையால் ஒதுக்கி, அந்தக் கல்லிலேயே முழந்தாளிட்டார். பாயின் நுனியை என் முன்சில்லுக்குக் கீழே செருகி, மிச்சத்தை எங்கள் வீட்டுப் பக்கமாக உள்ளங்கையால் ஒரு தள்ளுத் தள்ளினார். கல்லை மூடிக்கொண்டு அது என் சைக்கிளுக்கு முன்னே விரிந்து ஓடியது.